செட்டை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லரின் ஓட்டுநருக்கு வால்பகுதி எங்கே திரும்புகிறது என்று தெரியாது. பின்னால் வரும் பைலட் வண்டிதான் சொல்ல வேண்டும். செல்போனை எடுத்துப் பேசும்வரை வளைவு காத்திருக்காது. இதற்கு, வண்டிக்கு வண்டி பேசும் 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. ரேடியோ நல்ல துணை. ஆனால், மாட்டிய கொஞ்ச நாளிலேயே “அரைக் கிலோமீட்டர்கூட எட்டவில்லை” என்று செட்டைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு செட்டில் இல்லை. ஆன்டெனாவுக்குச் சரியான எர்த், அதாவது வண்டியின் இரும்போடு நல்ல இணைப்பு, இல்லை.

இந்த அலையின் நீளம் 11 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது சுமார் 2.7 மீட்டர், கம்பி நிற்க வேண்டும். கடையில் கிடைப்பதோ காயில் சுற்றிக் குறுக்கிய ஒன்று, ஒன்றரை மீட்டர் கம்பி. மீதி வேலையை வண்டியின் இரும்புதான் செய்கிறது. இப்போதைய கேபின்களில் ஆன்டெனா மாட்டும் பக்கக் கண்ணாடியின் கை பிளாஸ்டிக், மேல்மூடி பைபர். போதாததற்குக் கேபினே ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆன்டெனாவைத் தாங்கும் மவுண்ட் இருக்கும் இடத்தில் பெயின்டை உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, அங்கிருந்து கேபினுக்கும், கேபினிலிருந்து சேசிஸுக்கும் பட்டையான பின்னல் செம்புக் கம்பி போடுங்கள். எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. கேபினைச் சாய்க்கும்போது அறாத அளவுக்கு மட்டும் தளர்வு வேண்டும். மெல்லிய ஒயரை இரண்டு மீட்டர் இழுத்துவிட்டு, மல்டிமீட்டர் பூஜ்யம் ஓம் காட்டுகிறதே என்று திருப்திப்பட வேண்டாம். பேட்டரி மின்சாரத்துக்கு அது எர்த். 27 மெகாஹெர்ட்ஸுக்கு அல்ல.

அடுத்தது, ஆன்டெனாவுக்குப் போகும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். ஷெட்டுக்குள் வேண்டாம், திறந்த வெளியில், கதவுகளை மூடிப் பாருங்கள். 1ஆம் சேனலில் அதிகமாகவும் 37இல் குறைவாகவும் காட்டினால் கம்பி குட்டை, நீட்ட வேண்டும். மாறாக இருந்தால் அரை சென்டிமீட்டராகக் குறைத்துக்கொண்டே வரலாம். 1.5க்குள் வந்தால் போதும். எல்லாச் சேனலிலும் 3க்கு மேல் போனால் கம்பியை வெட்டாதீர்கள். எர்த் இல்லை, அல்லது கதவிடுக்கில் கேபிள் நசுங்கியிருக்கிறது. அந்த நிலையில் மைக்கை அழுத்திப் பேசினால் செட்டின் டிரான்சிஸ்டர் போய்விடும்.

இரண்டு கண்ணாடியிலும் இரண்டு கம்பி வைப்பது பார்க்க அழகு, அவ்வளவே. அதற்குரிய இடைவெளி நம் கேபின் அகலத்தில் கிடைப்பது அரிது.

கனரக வண்டிகளில் பெரும்பாலும் 24 வோல்ட். செட்டுக்கு வேண்டியது 12. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுப்பது நம் பக்கத்தில் சகஜம். எடுத்த பேட்டரி சார்ஜ் குறைந்துகொண்டே போகும், மற்றது அளவுமீறிச் சார்ஜ் ஆகும். கடைசியில் இரண்டும் கெடும். 13.8 வோல்ட் தரும் 5 ஆம்பியர் கன்வெர்ட்டரும், பேட்டரியை ஒட்டியே பியூஸும் வையுங்கள். மட்டமான கன்வெர்ட்டர் இரையும். ஆன்டெனாவைக் கழற்றியும் இரைச்சல் நிற்காவிட்டால் அது மின் ஒயர் வழியாக வருகிறது.

உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005இல் விலக்கு வந்த பட்டை 26.957 முதல் 27.383 மெகாஹெர்ட்ஸ் வரை. திறன் 5 வாட்டுக்குள். 40 சேனல் செட்டில் 38, 39, 40 மூன்றும் இந்த எல்லைக்கு வெளியே. திறனைக் கூட்டும் ‘பூஸ்டர்’ விற்பவரிடம் ஏமாற வேண்டாம். வெளியே தனி ஆன்டெனா பொருத்துவதற்கு, தொலைத்தொடர்புத் துறையின் ஒயர்லெஸ் பிரிவிடம் எழுத்தில் தெளிவு பெற்ற பிறகே துளை போடுங்கள்.

தூத்துக்குடி உப்புக் காற்றில் மவுண்டுக்கு அடியில் பச்சைப் பூத்துவிடும். கனெக்டரின் மேல் தண்ணீர் புகாத டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஆனியில் காற்று எழும்பும் முன் ஒருமுறை கழற்றித் தேய்த்து மாட்டுங்கள்.

இப்படிக்கு,
லாரி மின்வேலை செய்வோர்,
பேட்டை, திருநெல்வேலி