சின்ன டீச்சரைத் திருப்பி அனுப்புங்கள்: எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்காக ஒரு மனு

நாள்: 20.06.2025

அனுப்புநர்
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி மற்றும் பெற்றோர்கள்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.

பெறுநர்
வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள்,
வட்டாரக் கல்வி அலுவலகம்.

பொருள்: ஈராசிரியர் பள்ளியில் இருந்து மாற்றுப்பணிக்கு அனுப்பப்பட்ட இடைநிலை ஆசிரியரை ஆகஸ்டு 1க்கு முன் திரும்ப அனுப்பக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாலுகா ஆபீஸ் வாசலில் காசு கொடுத்தால் அழகாக மனு எழுதித் தருவார்கள். அதில் நாங்கள் சொல்ல வந்தது பாதி கூட வராது என்பதால் நானே உட்கார்ந்து எழுதுகிறேன். நானும் இதே பள்ளியில் படித்தவள்தான். இப்போது என் மகள் இங்கே மூன்றாம் வகுப்பு. போன வருஷம் மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தபோது என்னைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் எங்கள் பள்ளியில் 29 பிள்ளைகள். அதில் 6 பேர் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்டார்கள். மிச்சம் 23. "இனி இந்தப் பள்ளிக்கூடத்தை மூடிருவாக" என்று டீக்கடையில் பேச்சு வந்தது. மார்ச் 1ஆம் தேதி சேர்க்கை தொடங்கியதும் ஹெச்.எம். சாரும், ஊரில் சின்ன டீச்சர் என்று கூப்பிடும் இடைநிலை ஆசிரியரும், நாங்கள் ஏழெட்டுப் பேரும் வீடு வீடாகப் போனோம். காலையில் போனால் ஆள் கிடைக்காது, எட்டு மணிக்கெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்துவிடும். அதனால் இருட்டிய பிறகு டார்ச் அடித்துக்கொண்டு போனோம், இரண்டு தெருவில் நாய் துரத்தியது. அப்படிப் போய்த்தான் ஒன்றாம் வகுப்பில் 9 பேர் சேர்ந்தார்கள். அதைவிடப் பெரிய விஷயம், வேனில் ஏறித் தனியார் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த 4 பிள்ளைகளை இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் கொண்டுவந்து சேர்த்தார்கள். இப்போது மொத்தம் 36. எங்கள் ஊர் அளவுக்கு இது சின்ன எண் இல்லை ஐயா.

அந்த நான்கு வீட்டிலும் நாங்கள் வாங்கிய கேள்வி ஒன்றுதான்: "டீச்சர் ஒழுங்கா இருப்பாகளா?" காலைச் சாப்பாடு பற்றியோ இலவசப் புத்தகம், சீருடை பற்றியோ யாரும் கேட்கவில்லை, அதெல்லாம் வரும் என்று ஊருக்கே தெரியும். இருப்பார்கள் என்று நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

மே மாதம் ஊரில் வசூல் செய்து இரண்டாவது வகுப்பறைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். முன்னாள் மாணவர் ஒருவர் பெயின்டர், கூலி வாங்காமல் சுவர் முழுக்க உயிரெழுத்தும் படமும் எழுதிக் கொடுத்தார். ஔ என்ற எழுத்துக்கு வழக்கமான ஔவையார் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டதால் ஓணானுக்கு இடம் பத்தாமல் வால் ஜன்னலுக்கு மேலே ஏறிவிட்டது, பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்புக்காகச் சின்ன டீச்சர் அந்த அறையில் ஒரு மூலையைக் கதைக்களமாகவும் இன்னொரு மூலையைப் பொம்மலாட்டத்துக்கும் ஒதுக்கி, பழைய சேலையில் திரை தைத்து மாட்டினார். ஜூன் 2ஆம் தேதி பள்ளி திறந்த அன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆரத்தி எடுத்து, கோயில் கொடைக்கு வாங்கிய ரேடியோ செட்டில் பாட்டுப் போட்டு, சுண்டல் கொடுத்து உள்ளே அனுப்பினோம். ஐந்து பேர் அழுதார்கள், ஒருவன் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இதெல்லாம் ஒரு வாரம்தான் ஐயா.

ஜூன் 9 திங்கள்கிழமை முதல் சின்ன டீச்சர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றுப்பணியில் போய்விட்டார். அங்கே ஒரு டீச்சர் மகப்பேறு விடுப்பில் இருக்கிறாராம். அந்த விடுப்பைக் குறை சொல்ல நான் யார், நானும் இரண்டு பெற்றவள். அங்கே படிப்பதும் நம் பிள்ளைகள்தான், எங்கள் நாத்தனார் மகன் அங்கேதான் இருக்கிறான். ஆனால் அரசுப் பணியில் மகப்பேறு விடுப்பு இப்போது 12 மாதம். "தற்காலிகமாக" என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். 12 மாதம் என்றால் ஒரு பிள்ளைக்கு முழுசாக ஒரு வகுப்பு போச்சு. அதுவும் ஒன்றாம் வகுப்பு போச்சு என்றால் அப்புறம் எதில் பிடிப்பது?

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். ஐந்து வகுப்பும் ஒரே அறையில். ஹெச்.எம். சார் ஒருவர்தான். நல்ல மனுஷர், அவரைப் பற்றி ஒரு குறையும் கிடையாது. காலை உணவு சரியாக வந்ததா என்று பார்ப்பதும் அவர், எமிஸ் என்ற கல்வித் துறை இணையப் பதிவில் வருகை ஏற்றுவதும் அவர். டவர் கிடைக்காவிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போவார். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஒன்றாம் வகுப்பில் ஒருவன் வாசலைத் தாண்டியிருப்பான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லித்தர வேண்டும் என்று போன வருஷம் சின்ன டீச்சர்தான் எங்களுக்குக் கூட்டம் போட்டு விளக்கினார். ஒரே ஆள், ஒரே அறை, ஐந்து வகுப்பு, இதில் அரும்பு எங்கே, மலர் எங்கே? எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையில்லாமல் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று 2022இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது அரசு வைத்த கெடு 2025. இதுதான் அந்த 2025.

போன செவ்வாய்க்கிழமை ஹெச்.எம். சாருக்குக் கூட்டம். அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது சத்துணவு அமைப்பாளர் அக்காவும் காலை உணவு சமைக்கும் மதினியும். மதினி அவர்களுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுத்திருக்கிறார், அவருக்குத் தெரிந்தது "இயல்வது கரவேல்" வரைக்கும். அதையே மத்தியானம் வரை சொல்லியிருக்கிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது, எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் வண்ணம் அடித்த அறை பூட்டிக் கிடக்கிறது, ஓணானின் வால் மட்டும் ஜன்னல் வழியாகத் தெரிகிறது.

சட்டம் எனக்குத் தெரியாது, எங்கள் குழுவில் இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் எடுத்துக் காட்டினார். 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். 36 என்றாலும் இரண்டுதான், 23 என்றாலும் இரண்டுதான். அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு, இந்த விகிதம் குலையாமல் இருப்பதற்காக, ஒரு பள்ளியில் நியமித்த ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை பார்க்கச் செய்யக் கூடாது என்கிறது. எங்களைவிட உங்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு பள்ளியில் உள்ள ஓட்டையை அடைக்க இன்னொரு பள்ளியில் ஓட்டை போட்டது எப்படி என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை. அந்தப் பள்ளிக்கு ஆள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2022இல் காலிப் பணியிடங்களுக்கு மேலாண்மைக் குழு மூலமாகவே தற்காலிக ஆசிரியர்களை எடுக்க அரசு அனுமதித்ததே, அதுபோல் அந்த விடுப்புக் காலத்துக்கு ஒருவரை எடுக்க மேலே எழுதிக் கேளுங்கள். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதும் பெண்கள் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறார்கள்.

ஏன் ஆகஸ்டு 1 என்று குறிப்பாகக் கேட்கிறோம் என்றால், அன்றைய பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்துத்தான் எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று பணியாளர் நிர்ணயம் செய்கிறீர்கள். வேனில் இருந்து இறங்கி வந்த அந்த 4 பிள்ளைகளின் பெற்றோர் தினமும் வாசல் வரை வந்து எட்டிப் பார்க்கிறார்கள். ஒருவர் ஏற்கெனவே மாற்றுச் சான்றிதழ் பற்றி ஹெச்.எம். சாரிடம் விசாரித்துவிட்டார், அவரைக் கெஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறோம். ஜூலை முழுக்க இப்படியே போனால் அவர்கள் போவார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் இரண்டு வீடு போகும். ஆகஸ்டு 1 அன்று எண்ணிப் பார்த்தால் பழையபடி இருபத்தி சொச்சம் வரும். அப்புறம் "எண்ணிக்கை குறைவு" என்று எங்கள் பள்ளி பேருக்கு நேரே எழுதுவார்கள். குறைந்ததா, குறைக்கப்பட்டதா என்று அந்தத் தாளில் எழுத இடம் இருக்காது.

ஜூன் 15 ஞாயிற்றுக்கிழமை மாலை, எல்லோருக்கும் லீவு நாள் என்பதால், வேப்பமரத்தடியில் கூடிப் பேசினோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் மறியல் செய்யலாம் என்று இளவட்டங்கள் சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று சொன்னது தாய்மார்கள்தான். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு எப்படி வேலைக்குப் போவது, தவிர அந்தப் பிள்ளைகளில் பலருக்கு நேரத்துக்குக் கிடைக்கும் காலைச் சாப்பாடே பள்ளியில்தான். அதனால் முதலில் உங்களிடம் வருவது என்று முடிவானது. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போவோம், அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்: சின்ன டீச்சரின் மாற்றுப்பணி ஆணையை ரத்து செய்து அவரை எங்கள் பள்ளிக்கே அனுப்புங்கள். அதற்கு நாள் ஆகும் என்றால் அதுவரை ஹெச்.எம். சாரைக் கூட்டத்துக்குக் கூப்பிடும் நாட்களிலாவது மாற்று ஆசிரியர் ஒருவரை அனுப்புங்கள்.

இத்துடன் 31 பெற்றோரின் கையெழுத்து இருக்கிறது. அதில் 4 கைரேகை. அந்த நான்கு பேரும் பேரப் பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகள், தங்கள் பெயரையும் மனுவில் சேர்க்க வேண்டும் என்று அவர்களே கேட்டு வந்தார்கள். மனு பெற்றதற்கு ஒப்புகைச் சீட்டு கொடுத்துவிடுங்கள் ஐயா.

நீங்கள் நேரில் வந்து பார்க்க நினைத்தால் எந்த நாளும் வரலாம், முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஹெச்.எம். சாருக்குக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள், இல்லாவிட்டால் பள்ளியில் உங்களிடம் பேச ஆசிரியர் யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி
மற்றும் பெற்றோர்கள்

நகல்: மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்களுக்கு