பேரீச்சம்பழத்துக்குப் போடுமுன்

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களில் ஷெட்டுக்குள் பழைய கார் நிற்கும் வீடுகளின் பெரியவர்களுக்கும், அந்த ஷெட்டின் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் உம்மாமார்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற பெரியவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு காரை வெட்டினார்கள். சேதி கேட்டு நான் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் கேஸ் கட்டர் கூரையை முடித்துவிட்டுக் கதவுக்கு வந்திருந்தது. வெட்டுபவரைக் குறை சொல்ல முடியாது, அது அவர் பிழைப்பு. ஆர்.சி. புக்கையாவது ஒரு தரம் பார்க்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அதெல்லாம் அலமாரிய ஒழிச்சப்பவே எரிச்சாச்சு தம்பி. நாப்பது வருசத்துத் தாளு, கரையான் வேற" என்றார். கார் போனதைக்கூட ஒருவாறு ஆற்றிக்கொண்டேன். அந்தத் தாள் போனதுதான் ராத்திரி தூங்க விடவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் காரை விலைக்குக் கேட்டு இதை எழுதவில்லை. என்னிடம் அவ்வளவு காசும் இல்லை, இன்னொரு காரை நிறுத்த இடமும் இல்லை. நான் கேட்பது காகிதத்தை.

எனக்கு வயது 23. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தேன். நாலு வருடமாக எங்கள் ஷெட்டில் நிற்கும் 1982-ஆம் வருடத்து மெர்சிடிஸ் பென்ஸ் 240டி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். உம்மாவின் வாப்பா வாங்கியது. நாங்கள் அவரை அப்பா என்று கூப்பிடுவோம். அவர் மவுத்தான பிறகு 19 வருடம் அது அசையவே இல்லை. ஆடு ஒன்று பின்சீட்டில் குட்டி போட்டிருக்கிறது. பழைய இரும்புக்காரர் 35 ஆயிரம் கேட்டார். "இத பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்று மாமா சிரித்தார். பேரீச்சம்பழத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் என்ன கணக்கோ தெரியவில்லை.

எங்கள் வீட்டில் அந்தக் காருக்கு ஒரு கதை உண்டு. துபாயில் ஒரு ஷேக் அப்பாவின் நேர்மையைப் பார்த்துப் பரிசாகக் கொடுத்தது என்று. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை. நிக்காஹ் வீடுகளில் புதுச் சம்பந்திகளிடம்கூட சொல்லியிருக்கிறோம். ஆனால் வளைகுடா நாடுகளில் வண்டி ரோட்டுக்கு வலப்பக்கம் ஓடும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். எங்கள் காருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். கண்ணுக்கு முன்னால் இருந்தும் இதை ஒருவரும் யோசித்ததில்லை. நான் கேட்டபோது மாமா சளைக்காமல், "இங்க வந்து மாத்திருப்பாங்க" என்றார்.

சரி என்று பானட்டைத் திறந்தேன். ரேடியேட்டருக்கு மேலே குறுக்கே போகும் சட்டத்தில் ஒரு தகடு அடித்திருக்கும். அதில் சேஸிஸ் எண். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைக்கத் துடைக்க ஒவ்வோர் எழுத்தாக வந்தது. டபிள்யூ.டி.பி. என்று தொடங்கி 123123. முதல் 123 அந்த மாடல் வரிசை, அடுத்த 123 அது 240டி என்பதற்கு. அதற்கு அடுத்த ஒற்றை எண்தான் முக்கியம். 1 என்றால் இடப்பக்க ஸ்டியரிங், 2 என்றால் வலப்பக்கம். எங்கள் தகட்டில் 2. அதை அடுத்து ஏ என்ற எழுத்து. ஜெர்மனியின் சிண்டல்ஃபிங்கன் தொழிற்சாலை. ஆக, வண்டி பிறக்கும்போதே வலப்பக்க ஸ்டியரிங்கோடு பிறந்தது. ஷேக் கதை அந்த ஓர் எண்ணில் முடிந்துபோனது. உம்மாவிடம் சொன்னபோது ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பிறகு எங்கிருந்துதான் வந்தது? ஒரு பழைய போட்டோ கிடைத்தது. மண்டபத்தில் கடலைப் பார்க்க காரை நிறுத்திவிட்டு அப்பா சாய்ந்து நிற்கிறார். பின்னால் தேதி எழுதவில்லை. ஆனால் அவர் தோளுக்குப் பின்னால், ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், ரோட்டுப் பாலத்தின் தூண்கள் நிற்கின்றன. நடுவில் பாலம் இன்னும் சேரவில்லை. பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்தது 1988-ல். அதற்கு முன்னால் எவ்வளவு பெரிய கார் வைத்திருந்தாலும் ராமேஸ்வரத்துக்கு ஓட்டிப்போக வழி கிடையாது, மண்டபத்தோடு நிற்க வேண்டியதுதான். ஆக, கார் 1988-க்கு முன்பே இங்கே வந்துவிட்டது.

மிச்சக் கதை சாச்சி வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. பட்டுப் புடவைகளுக்கு அடியில் பழுப்புக் கவர். டெல்லியிலிருந்து 1986-ல் வந்த கடிதம், டெண்டரில் கேட்ட விலை ஏற்கப்பட்டது என்று. அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் தூதரகங்கள் கழித்த கார்களை மத்திய அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வாங்கி டெண்டரில் விற்றுவந்தது. ஷேக்கும் இல்லை, பரிசும் இல்லை. அப்பா விண்ணப்பம் போட்டு, பணம் கட்டி, ரயிலேறிப் போய், டெல்லியிலிருந்து கீழக்கரை வரை தானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கவருக்குள் வழி நெடுக டீசல் போட்ட பில்கள், மூன்று ஊர்களின் பெயரோடு. எனக்கு இந்தக் கதைதான் ஷேக் கதையைவிடப் பிடித்திருக்கிறது. உம்மாவுக்கும் இப்போது பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். போன வாரம் வந்த விருந்தாளியிடம் டெல்லியையே சொன்னார்கள், கொஞ்சம் தூரத்தைக் கூட்டி.

அந்தக் கவர் எரிந்திருந்தால்? அதுதான் நான் சொல்ல வருவது. இந்த மாடல் அப்படியொன்றும் அரிய வண்டி இல்லை. 1976 முதல் 1986 வரை இந்த வரிசையில் கிட்டத்தட்ட 27 லட்சம் வண்டிகள் செய்தார்கள். ஜெர்மனியில் 240டி டாக்சியாக ஓடிய வண்டி. எங்கள் காரின் தகட்டில் பெயின்ட் எண் 623 என்று இருந்தது. இளந்தந்த நிறம், அங்கே டாக்சிகளுக்கு அடிக்கிற அதே சாயல். மேலே பூசியிருந்த வெள்ளையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே அந்த நிறமே இருந்தது. நம் ஊரில் மாப்பிள்ளை ஊர்வலம் போன கார், அது பிறந்த ஊரில் டாக்சி! காரைப் போல இன்னொரு கார் உலகத்தில் கிடைக்கும். அது கீழக்கரைக்கு எப்படி வந்தது என்பது அந்தப் பழுப்புக் கவரில் மட்டும்தான் இருந்தது. உங்கள் வீட்டுக் கார் கொழும்பிலிருந்து வந்ததா, சிங்கப்பூரிலிருந்தா, மதராஸில் யாரிடமோ வாங்கியதா, அதுவும் உங்கள் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும்.

கொஞ்சம் இன்ஜினைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "இதுக்கெல்லாம் இங்க யாரு மெக்கானிக்" என்று சொல்லித்தான் பாதி வண்டிகள் இரும்புக்குப் போகின்றன. நானும் அப்படி நினைத்து முதலில் பெரிய நகரம் ஒன்றில் பேர் போன ஒரு பட்டறைக்கு லாரியில் ஏற்றி அனுப்பினேன். ஒன்றரை வருடம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது. காந்தத்தை வைத்துப் பார்த்தேன், சக்கரத்துக்கு மேல் வளைவில் ஒட்டவே இல்லை. துருவை வெட்டி எடுக்காமல் விரல் கனத்துக்குப் பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். இரண்டே மழையில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அப்புறம் ராமநாதபுரத்தில் ஒரு அண்ணனிடம் போனேன். ஏர்வாடி தர்காவுக்கு வரும் வேன்களைப் பழுது பார்ப்பவர். வந்து பானட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்தார். "தம்பி, இது நம்ம டெம்போ இன்ஜின்ல?" என்றார்.

அவர் சொன்னது சரி. 240டி-யில் இருக்கும் ஓஎம்616 என்ற அதே நாலு சிலிண்டர் டீசல் இன்ஜினை உரிமம் வாங்கி இங்கேயே செய்து, டிராக்ஸிலும் டிராவலர் வேனிலும் போட்டது பஜாஜ் டெம்போ. யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த இன்ஜின் எத்தனையோ வருடம் ஓடியிருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை. எல்லாச் சாமானும் அப்படியே பொருந்திவிடாது. வெர்னியர் வைத்து அளந்து பார்த்தோம். சில உட்கார்ந்தன, சில உட்காரவில்லை. ஆனால் இன்ஜினின் குணம் தெரிந்த கை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

அதற்காகப் பேத்தி மாப்பிள்ளை வந்த உற்சாகத்தில் புது பேட்டரி கட்டி உடனே செல்ஃப் அடித்துவிடாதீர்கள். பல வருடம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் உடையும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஆயில் விட்டு நாலைந்து நாள் ஊற விட வேண்டும். பிறகு முன்பக்கம் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எங்களுக்கு ஒன்பதாம் நாள்தான் அசைந்தது. கால் அங்குலம் அசைந்ததற்கு நானும் அந்த அண்ணனும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்துவிட்டார்கள்.

இன்னொன்று, தார்ப்பாய். பத்திரமாக இருக்கட்டும் என்று நாம் மூடி வைக்கிறோம். கடற்காற்றின் உப்பும் ஈரமும் அதற்குள் புகுந்துகொண்டு வெளியே வராமல் புழுங்கும். திறந்து கிடப்பதைவிட அதில் சீக்கிரம் துருப் பிடிக்கும். பருத்தித் துணி போதும். உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், கிணற்றுத் தண்ணீர் உதவாது. குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் தண்ணீரில் நான் பத்துக் குடத்தைக் காருக்கு அடியில் ஊற்றிய அன்று வீட்டில் நடந்ததை இங்கே எழுத முடியாது.

இனி சங்கடமான விஷயம். நம் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும், வீட்டோடு ஷெட்டும் போகும். ஆர்.சி. புக் மட்டும் மவுத்தான பெரியவர் பெயரிலேயே கிடக்கும். கடைசியில் கார் யாருடையது என்று யாருக்கும் தெரியாமல், பேச்சு வளர வேண்டாமே என்று இரும்புக்குப் போடுகிறோம். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும் என்பது விதி. நம்மில் பலருக்கு அந்த மூன்று மாதம் முப்பது வருடமாகிவிட்டது. அதனால் இனிமேல் முடியாது என்று நீங்களே முடிவு கட்டிவிடாமல், ஒரு தரம் போய்க் கேளுங்கள். என்னைக் கூப்பிட்டால் நானும் கூட வருகிறேன், வரிசையில் நின்று பழகிவிட்டது.

செலவு இருக்கிறது, மறைக்கவில்லை. 20 வருடம் தாண்டிய இறக்குமதி காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 40 ஆயிரத்திலிருந்து 80 ஆயிரமாக ஆக்கிவிட்டார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் இது. இரும்பு விலையைவிடக் கூடுதல்! 50 வருடம் தாண்டிவிட்டால் 2021-ல் வந்த வின்டேஜ் விதியில் 20 ஆயிரம் கட்டிப் பத்து வருடத்துக்குப் பதியலாம். கண்காட்சிக்கும் பழைய கார் பேரணிக்கும் பராமரிப்புக்கும் எடுக்கலாம், தினசரி ஓட்டத்தான் கூடாது. எங்கள் கார் அந்த வயதை 2032-ல் தொடும். அதுவரை ஷெட்டில் நிற்கட்டும், தின்ன ஒன்றும் கேட்காது என்று உம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆடுதான் கேட்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். காரை விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். விற்பதற்கு முன் பானட்டைத் திறந்து அந்தத் தகட்டை போனில் ஒரு போட்டோ எடுங்கள். ஆர்.சி., சுங்க ரசீது, கப்பல் தாள், இன்ஷூரன்ஸ், பழைய பில், கார் பக்கத்தில் நின்று எடுத்த படம், எது இருந்தாலும் எரிக்காமல் ஒரு கவரில் போடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும், எனக்கு நகல் போதும். கப்பல்காரர் ஊர், ரத்தினக்கல் வியாபாரி ஊர் என்று பெருமை பேசுகிறோம். அந்தக் கப்பலிலும் வியாபாரத்திலும் எது எப்போது எந்த வழியாக வந்தது என்று கேட்டால் காட்ட நம்மிடம் ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை. கார்களுக்காவது நான் ஒன்று தொடங்கியிருக்கிறேன். இதுவரை ஏழு வண்டி எழுதியிருக்கிறேன். எட்டாவதைத்தான் போன மாதம் வெட்டிவிட்டார்கள்.

பதிவு இன்னும் ஆகவில்லை என்பதால் எங்கள் கார் தெருவுக்கு வராது. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஷெட்டிலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பேன். சாவியைத் திருப்பினால் நிற்காது. இந்த டீசல் இன்ஜினை நிறுத்துவது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி இழுக்கும் விசை. அதன் குழாயில் எங்கோ ஓட்டை, இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பானட்டைத் திறந்து 'ஸ்டாப்' என்று பொறித்த சின்ன லீவரை அமுக்கித்தான் நிறுத்த வேண்டும். தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்கும். கவரை எடுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைப் பிடித்து வாருங்கள், உம்மா தேத்தண்ணி போட்டுத் தருவார்கள்.

உங்கள் பிள்ளைகளில் ஒருவன்,
கீழக்கரை