தண்டையார்பேட்டை மெட்ரோவில் சந்தித்த அக்காவுக்கு

2025 பிப்ரவரியில் ஒரு மாலை, தண்டையார்பேட்டை மெட்ரோ நிலைய நடைமேடையில் இரண்டு ரயில்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த பையன் நான்தான். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினின் முதல் அமர்வுக்கான விடைக்குறிப்பு வந்திருந்தது. என் விடைகளின் அச்சுப் பிரதி கையில் கசங்கிக் கிடந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

"காட்டு தம்பி" என்று வாங்கினீர்கள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அன்று தேவைப்பட்டது. சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து, அதன்மேல் தாளை விரித்து, பென்சிலால் தவறான விடைகளை ஒவ்வொன்றாகச் சுழித்தீர்கள். மொத்தம் 23. "இதில் எதெல்லாம் குருட்டாம்போக்கில் போட்டது?" என்று கேட்டீர்கள். பதினான்கு. சரியான விடைக்கு 4, தவறினால் ஒன்று குறையும் என்பது தெரிந்தும், 75 கேள்விகளில் எதையும் விட மனமில்லாமல் நிரப்பியிருந்தேன். மற்ற ஒன்பதும் தெரிந்த பாடம், அவசரத்தில் போனவை. "முதலில் இந்த ஒன்பதைச் சரிசெய்" என்றீர்கள். இரண்டு அமர்வுகளில் எது கூடுதலோ அதையே கணக்கில் எடுப்பார்கள் என்று நினைவூட்டியதும் நீங்கள்தான்.

ஏப்ரலில் மறுபடி எழுதினேன். இப்போது பொறியியல் முதலாமாண்டு படிக்கிறேன்.

பெயரைக் கேட்பதற்குள் விம்கோ நகர் ரயிலில் ஏறிவிட்டீர்கள். அந்தத் தாளை அம்மா பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். மனமார்ந்த நன்றி அக்கா.