ரத்தத்திலேயே இருக்கிறதா?

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிவிட்டது. பதில் போடாததற்குக் கண் ஆபரேஷனைச் சாக்காகச் சொல்லலாம், அது பொய்யும் இல்லை. சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு ஒரு வாரம் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். ஆனால் என்னைத் தடுத்தது உன் கடைசி வரிதான். மூன்று பக்கம் மற்ற கதையெல்லாம் எழுதிவிட்டு, கையெழுத்துக்கு மேலே இருந்த இடுக்கில் பொடியாக எழுதியிருந்தாயே: “அப்பாவுக்குக் குடி. சித்தப்பா அப்படிப் போனார். இப்போது ஊரைவிட்டுப் போயிருக்கும் அண்ணன் மகன். உங்கள் ஆட்களுக்கு இது அதிகம்தான் என்று அங்கே டாக்டரே சொல்கிறாராம். எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறதா வசந்தி?”

முதலில் பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரவில் தூங்குகிறான், மாத்திரையைத் துப்பாமல் போடுகிறான், அம்மா குரலைக் கேட்டு அழுதான் என்று எழுதியிருக்கிறாய். மூன்றுமே நல்ல சேதி. இருபத்து மூன்று வயதில் இந்த மாதிரிக் குரல்கள் கேட்க ஆரம்பித்து, சீக்கிரமே வைத்தியத்துக்கு வந்துவிட்டவர்களில் எத்தனையோ பேர் திரும்பப் படிக்கப் போனதையும் வேலைக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். நம்பிக்கையாக இரு.

சரி, ரத்தம். குடும்ப ரத்தம் ஒன்று, இன ரத்தம் இன்னொன்று. உன் அண்ணி இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாள், அந்த டாக்டரும் அதைப் பிரித்துச் சொல்லவில்லை.

குடும்பத்தில் வரும் என்பதை மறைத்து என்ன பயன்? மனச்சிதைவு, அதாவது பையனுக்கு வந்திருக்கும் இந்த நோய், பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வரும் என்று வைத்துக்கொள். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் யாருக்காவது இருந்தால் அது நூற்றில் பத்துப் பேர் அளவுக்குப் போகும். மற்றத் தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. அச்சு அசலாக ஒரே மரபணு உள்ள இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கு வருவது பாதிக்கும் குறைவுதான். குடியில் மரபணுவின் பங்கு மனச்சிதைவில் இருப்பதைவிடக் குறைவு, ஏறக்குறைய பாதி என்பார்கள். மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது என்பதை உன் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். பரீட்சைக்குப் படிக்க உன் வீட்டில் தங்கிய அந்த இரவு ஞாபகமிருக்கிறதா? கேட் சத்தம் கேட்டதும் நீயும் அண்ணனும் ஒரு வார்த்தை பேசாமல் விளக்கை அணைத்தீர்கள். புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கிப் போர்வைக்குள் தள்ளிவிட்டுத் தூங்குகிற மாதிரிப் படுத்துக்கொண்டீர்கள். எத்தனை வருட ஒத்திகை அது! உன் அண்ணனுக்கு இன்றைக்கும் கேட் சத்தம் கேட்டால் தோள் இறுகும் என்று நீயே ஒரு முறை சொன்னாய். அதுவும்தான் மகன்வரை வந்திருக்கும். அதை ரத்தக் கணக்கில் எழுத முடியாது.

இன விஷயத்துக்கு வருகிறேன். அந்த டாக்டர் பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறார். இந்தக் கணக்கு பழையது. அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடிபோன நார்வேக்காரர்களுக்கு மனச்சிதைவு, நார்வேயிலேயே இருந்துவிட்டவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று ஓடகார்ட் என்பவர் 1932-லேயே எழுதினார். மனம் ஆடிக்கொண்டிருப்பவர்கள்தான் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள், அதனால் அப்படி என்பது அவர் சொன்ன காரணம். கேட்கச் சரியாகத்தான் படும். பிறகு தென்னமெரிக்க நாடான சூரினாமில் மூன்றில் ஒரு பங்கு ஜனங்கள் நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஓர் ஆராய்ச்சிக் குழு வேடிக்கையான கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தது: சூரினாமில் மிச்சமிருக்கும் ஒருவர்கூடப் பாக்கியில்லாமல் எல்லாருமே வந்துவிட்டதாக வைத்துக்கொண்டால்? அப்போதும் அவர்களிடம் நோய் விகிதம் நெதர்லாந்துக்காரர்களைவிடக் கூடுதலாகவே வந்தது. ஆடுகிறவர்கள் மட்டும் கிளம்பினார்கள் என்ற வாதம் அத்தோடு நொண்டியது.

இங்கிலாந்தில் லண்டன், நாட்டிங்ஹாம், பிரிஸ்டல் மூன்று நகரங்களிலும் எடுத்த கணக்கு 2006-ல் வெளிவந்தது. கரீபிய வழிவந்த கறுப்பின மக்களுக்கு மனச்சிதைவு, வெள்ளையரைவிட ஒன்பது மடங்கு. உன் அண்ணன் மகனின் டாக்டர் இந்த மாதிரி ஏதோ ஒன்றைத்தான் படித்திருப்பார். ஆனால் அதே மக்களின் சொந்த மண்ணில், ஜமைக்காவிலும் பார்படோஸிலும் டிரினிடாடிலும் எண்ணிப் பார்த்தபோது அப்படி எதுவும் இல்லை. ரத்தம் கப்பலேறியதும் மாறிவிடுமா? இங்கிலாந்திலேயே பிறந்து, கப்பலையே பார்க்காத பிள்ளைகளுக்கும் அதிகம் வருகிறது.

இதில் எனக்கு மறக்க முடியாதது தெற்கு லண்டனில் பார்த்தது, 2001-ல் வந்தது. ஒரு வட்டாரத்தில் தன் மாதிரி ஆட்கள் எவ்வளவு குறைவோ, அங்கே வாழும் சிறுபான்மையினருக்கு இந்த நோய் அவ்வளவு அதிகம். தெரு முழுக்கத் தன் ஆட்கள் இருந்தால் குறைவு. ஆளும் ரத்தமும் அதேதான், மாறியது பக்கத்து வீடு மட்டும்.

குடிக்கு ரத்தத்தில் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கிழக்காசியர்களில் மூன்றில் ஒருவருக்கு ஒரு மரபணு மாற்றம் உண்டு. ஒரு மிடறு உள்ளே போனதும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். சாராயத்திலிருந்து உடம்பில் உண்டாகும் நஞ்சைக் கரைக்கிற நொதி அவர்களிடம் சரியாக வேலை செய்வதில்லை. இயற்கையே போட்ட பூட்டு என்று வைத்துக்கொள். அந்தப் பூட்டு என்ன ஆயிற்று தெரியுமா? ஜப்பானில் குடிநோயாளிகளிடம் சோதித்தார்கள். 1979-ல் அவர்களில் இந்த மாற்றத்தின் ஒரு பிரதி உள்ளவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர். 1986-ல் எட்டு. 1992-ல் பதின்மூன்று. பதின்மூன்று வருடத்தில் எந்த ஜனத்துக்கும் மரபணு மாறாது. வேலை முடிந்து எல்லாரும் சேர்ந்து குடித்தே ஆகவேண்டும் என்கிற நெருக்கடிதான் பூட்டை உடைத்தது. முகம் சிவந்தாலும் பரவாயில்லை, மேலதிகாரி ஊற்றினால் குடிக்கவேண்டும்.

அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றி இதற்கு நேர்மாறான கதை ஒன்று உலவும். அவர்கள் உடம்பு மதுவைத் தாங்காது, பிறவியிலேயே குடிகாரர்கள் என்று. அவர்கள் உடம்பு மதுவை மெதுவாகக் கரைக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. 2016-ல் வந்த கணக்கில், கடந்த ஒரு மாதத்தில் மதுவைத் தொடாதவர்கள் வெள்ளையரைவிடப் பழங்குடிகளிடம்தான் அதிகம். குடிப்பவர்களுக்கு வருகிற கேடு அதிகம் என்பது உண்மை. அதற்கு வைத்தியமும் வருமானமும் இல்லாமை போதும், ரத்தத்தைக் கூப்பிடவேண்டியதில்லை.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏறக்குறைய இருநூறு பழங்குடிச் சமூகங்கள் இருக்கின்றன. பழங்குடி இளைஞர்களிடம் தற்கொலை அதிகம் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாண்ட்லர், லலோன்ட் என்று இரண்டு பேர் 1998-ல் அதைச் சமூகம் சமூகமாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட இடங்களில், அவர்கள் எடுத்துக்கொண்ட வருடங்களில், ஓர் இளைஞன்கூடச் சாகவில்லை. சில இடங்களில் சாவு பல மடங்கு. சராசரி என்கிற ஒற்றை எண் அத்தனை வீட்டையும் மூடி மறைத்துவிட்டிருந்தது! நிலத்துக்காக வழக்காடுகிற, பள்ளியைத் தானே நடத்துகிற, மருத்துவமும் காவலும் தன் கையில் இருக்கிற சமூகங்களில் தற்கொலை குறைவு. பார்த்த ஆறு விஷயங்களும் இருந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. பிறகு மொழியையும் சேர்த்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல் தாய்மொழி பேசுகிற இடங்களில் மிகக் குறைவு. இந்த மொழி விஷயம் வந்த அன்றைக்கு நான் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம், நம்மவர்கள். மலேசியாவில் மலாய், சீன, இந்திய இனங்களுக்குள் தற்கொலை அதிகம் இந்தியர்களிடம். ஃபிஜியிலும் இந்திய வம்சாவளியினரிடம்தான் அதிகம். கயானா 2012 கணக்கில் உலகத்திலேயே முதலிடத்தில் இருந்தது, ஒரு லட்சம் பேருக்கு 44. அங்கேயும் செத்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். இதை வரிசையாக அடுக்கி “பார், ரத்தம்!” என்று யாராவது சொன்னால் எனக்கே ஒரு நிமிடம் பேச்சு வராது. ஆனால் இந்த மூன்று நாடுகளிலும் நம்மவர்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்? பெரும்பாலோர் தோட்டக்கூலியாக. ஃபிஜிக்கு ஒப்பந்தக்கூலிகளைக் கப்பலேற்றிய 1879 முதல் 1916 வரையிலான காலத்திலேயே தற்கொலை ஊரில் இருந்ததைவிடப் பல மடங்கு என்று அப்போதே எழுதிவைத்திருக்கிறார்கள். போதாததற்குப் பூச்சிமருந்து வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிற வாழ்க்கை.

இங்கிலாந்தில் 1970-களில் நடந்த சாவுகளை எண்ணியவர்களுக்கு இன்னொரு விசித்திரம் கிடைத்தது. இந்தியாவில் பிறந்த 15 முதல் 24 வயதுப் பெண்களிடம் தற்கொலை அந்த நாட்டுச் சராசரியைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். அதே இந்தியாவில் பிறந்த ஆண்களிடம் சராசரிக்குக் கீழே. அண்ணன் தங்கைக்குள் ரத்தம் என்ன வேறா? வீட்டில் அவரவருக்கு என்ன இடம் என்பதுதான் வேறு. இலங்கையில் 1995-ல் லட்சத்துக்கு 47 என்று உச்சத்தில் இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். இருபது வருடத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு குறைந்துபோனது. ஃபின்லாந்திலும் ஹங்கேரியிலும் “அந்த இனத்துக்கே அது உண்டு” என்று பேசுவார்கள். ஃபின்லாந்தில் 1990-ல் இருந்ததில் இன்று பாதிகூட இல்லை.

இந்த இன எண்களை யார் எழுதுகிறார்கள் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 1840 மக்கள்தொகைக் கணக்கில், வடக்கே சுதந்திரமாக வாழும் கறுப்பர்களிடம் பைத்தியம் பன்மடங்கு என்று வந்தது. அடிமையாக இருப்பதே அவர்களுக்கு நல்லது என்று கால்ஹூன் என்ற அமைச்சர் அதை எடுத்துக்கொண்டு வாதாடினார். எட்வர்ட் ஜார்விஸ் என்ற டாக்டர் உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் பார்த்தார். மாசசூசெட்ஸின் ஊஸ்டர் நகரில் 133 கறுப்பர்கள் பைத்தியம் என்று எழுதியிருந்தது. அவர்கள் அங்கே மனநல மருத்துவமனையில் இருந்த வெள்ளைக்கார நோயாளிகள்! யாரோ ஒரு குமாஸ்தா பக்கத்துக் கட்டத்தில் எழுதிவிட்டார். கறுப்பர் ஒருவர்கூட இல்லாத ஊர்களிலும் கறுப்புப் பைத்தியங்கள் இருந்தார்கள். அந்தக் கணக்கை அரசு திருத்தவே இல்லை.

மனநல ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் அந்த மாதிரிக் கட்டத்தை நிரப்பியவள் நான் என்பதால் இது எனக்குச் சுடும். ஒரு தடவை வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மாளின் கேஸ் ஷீட்டில் புதிதாக வந்த டாக்டர் “குரல்கள் கேட்கின்றன, செத்துப்போன கணவருடையது” என்று எழுதி மாத்திரையும் ஆரம்பித்துவிட்டார். நான் மொழிபெயர்க்க ஆளைப் பிடித்துக் கூட்டிவந்து, அவர் வந்து என்னம்மா சொல்கிறார் என்று கேட்டேன். “பிரஷர் மாத்திரை போட்டியா என்று கேட்பார்” என்றாள். பயமாக இருக்கிறதா என்றேன். “அவர் வராத அன்றைக்குத்தான் பயம்.” துக்கம் அது, நோயே இல்லை. கேட்க ஆள் இல்லாவிட்டால் அந்த இனத்தின் கணக்கில் இன்னொரு மனச்சிதைவு ஏறியிருக்கும்.

உன் அண்ணன் மகனுக்கும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. நீ எழுதியதைப் பார்த்தால் நோய்தான், மாத்திரை வேண்டும்தான். ஆனால் அவன் யாரோடு பேசுகிறான்? நம் மொழியில் பேச அந்த ஆஸ்பத்திரியில் ஆள் உண்டா, வெளியே வந்தபிறகு அவன் அறை எடுத்திருக்கும் தெருவில் யாராவது உண்டா? அதைக் கேட்டு எழுது. முடிந்தால் வேறு இடத்துக்கு மாற்றச் சொல். இன்னொன்று, டிஸ்சார்ஜ் ஆகி வரும் முதல் சில வாரங்கள்தான் ஆபத்தானவை. மாத்திரை டப்பா அண்ணன் கையில் இருக்கட்டும். சாகவேண்டும்போல் தோன்றுகிறதா என்று அவனிடம் நேராகவே கேட்கச் சொல். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று அண்ணி பயப்படுவாள். அப்படி வராது, கேட்க ஆளிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான். தோன்றுகிறது என்று சொன்னால் தனியாக விடாமல் உடனே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

சித்தப்பாவைப் பற்றி நாம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை, கமலா. “அப்படிப் போனார்” என்றுதான் இத்தனை வருடமும் எழுதுகிறாய்.

ஞாயிறு காலை போன் பண்ணுகிறேன். கண்ணுக்குப் பொடி எழுத்து இன்னும் பிடிபடவில்லை. அடுத்த கடிதத்தைப் பெரிய எழுத்தில் எழுது, அந்தக் கடைசி வரியையும் சேர்த்து.

உன்
வசந்தி