தேக்கா கடையும் மழைக்காலமும்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் கீழ்த்தளக் கடை எடுத்து, பின்கட்டில் அரிசியும் மசாலாவும் அடுக்கப்போகிறாய் என்பதில் ரொம்ப மகிழ்ச்சி. மரினா அணைக்கட்டு வந்தபிறகு வெள்ளப் பயமே இல்லை என்று தரகர் சொன்னாராம். அது பாதிதான் சரி.

பழைய வெள்ளங்கள் வேறு மாதிரி. 1978 டிசம்பர் 2-இல் பாய லேபாரில் 24 மணி நேரத்துக்குள் 512.4 மில்லிமீட்டர் கொட்டியது. ஓர் ஆண்டு மழையில் கிட்டத்தட்டக் கால் பங்கு. ஏழு பேர் உயிரிழந்தார்கள். அந்தக் காலத்தில் பொத்தோங் பாசிர் போன்ற தாழ்வான இடங்கள்தான் முதலில் மூழ்கும். அடைமழையோடு கடல் ஏற்றமும் சேர்ந்துவிட்டால் கால்வாய்த் தண்ணீர் இறங்க வழியில்லாமல் எதிர்த்து ஏறும். 2008-இல் கடல் முகப்பில் திறந்த மரினா அணைக்கட்டு இதைத்தான் தடுக்கிறது. கடல் வற்றும்போது ஒன்பது மதகுகளைத் திறந்து மழைநீரை விடுவார்கள். ஏற்றத்தின்போது மதகுகளை மூடிவிட்டு, ஏழு பம்புகளால் விநாடிக்கு 280 கனமீட்டர் வரை வெளியே தள்ளுவார்கள்.

ஆனால் கால்வாய்க்குள் அடங்காத மழையை அணைக்கட்டு என்ன செய்யும்? 2010 ஜூன் 16-இல் ஆர்ச்சர்ட் ரோட்டில் தண்ணீர் புகுந்ததற்குக் கடல் காரணமில்லை. இரண்டு மணி நேரத்தில் சுமார் 100 மில்லிமீட்டர் பெய்தது, ஸ்டாம்ஃபர்ட் கால்வாயில் குப்பை அடைத்துக்கொண்டது. 2021 ஏப்ரல் 17-இல் புக்கிட் தீமாவில் மூன்று மணி நேரத்தில் 170.6 மில்லிமீட்டர். அங்கே தண்ணீரைத் திருப்பிவிட இரண்டு கால்வாய்கள் ஏற்கெனவே இருந்தும் சாலை மூழ்கியது. புக்கிட் தீமா கால்வாய்தான் கீழே வந்து ரோச்சோர் கால்வாயாகி உன் பக்கமாகப் போகிறது. அதனால் தேக்காவில் தூறல்கூட இல்லாவிட்டாலும், மேலே புக்கிட் தீமா பக்கம் வானம் கறுத்தால் நீ கவனிக்க வேண்டும்.

பொதுப் பயனீட்டுக் கழகத்தின் (PUB) டெலிகிராம் சேனலில் சேர்ந்துகொள். கால்வாய் 75 விழுக்காடு நிரம்பினால் மஞ்சள், 90-ஐத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு வரட்டும் என்று காத்திருக்காதே. கொட்டுகிற மழையில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே சில நிமிடங்கள்தான் கிடைக்கலாம். மஞ்சள் வந்ததுமே வாசலில் தடுப்புப் பலகையை மாட்டு. பலகை இறங்கும் தடத்தில் மணல் சேர்ந்திருந்தால் ரப்பர் பட்டை சரியாகப் படியாது, அந்த இடுக்கு வழியாகவே தண்ணீர் வந்துவிடும். பட்டை காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடு.

பலர் மறப்பது தரையிலிருக்கும் வடிகால் துளை. வெளியே சாக்கடை நிரம்பினால் அதே குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே பொங்கும். வாசலை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் பிரயோஜனமில்லை. பிளம்பரைக் கூப்பிட்டு ஒருவழி வால்வு போடச் சொல். அந்தச் செலவைத் தள்ளிப்போடாதே.

அரிசி மூட்டையைத் தரையில் வைக்காதே, சுவரை ஒட்டியும் வைக்காதே. மசாலா எப்போதும் மேல்தட்டில் இருக்கட்டும், நனையாவிட்டாலும் ஈரக்காற்றிலேயே கட்டிபிடித்துவிடும். பிளக்குகளை உயரத்துக்கு மாற்று. தண்ணீர் உள்ளே வரும்முன் மெயினை அணைத்துவிடு. வந்தபிறகு அதில் கால் வைத்து அணைக்கப் போகாதே, சரக்கு போனால் போகட்டும்.

காற்றைப் பற்றியும் கேட்டிருந்தாய். சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று பெரும்பாலும் விடிகாலையில் அடிக்கும், ஆனால் 2024 செப்டம்பர் 17-இல் வந்தது மாலையில். தெங்காவில் மணிக்கு 83.2 கிலோமீட்டர் வேகம், தீவு முழுக்க 300-க்கு மேற்பட்ட மரங்கள் விழுந்தோ முறிந்தோ போயின. அஞ்சடியில், அதாவது கடை முன்னாலுள்ள நடைபாதையில், கித்தான் கட்டுவதானால் இரவில் சுருட்டிவிடு.

பின்வாசல் அகலத்தையும், தெருவைவிடக் கடைத் தரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதையும் அளந்து அனுப்பு. எத்தனை உயரப் பலகை வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். நவம்பருக்குள் மாட்டிவிட வேண்டும்.

அன்புடன்,
முத்து