பாப்பாவின் படிப்பு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டு வேலை முடிந்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மழை தள்ளிப்போய் சோளத்தட்டு விலை ஏறிவிட்டது. மாடு வைத்திருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். நீ கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறாய், அவள் கால்நடை மருத்துவம் என்கிறாள். "அந்த வேலையில் இருக்கிற நீயே வேண்டாம் என்று சொல்லிவிடு" என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேர்த்துவிடு என்றும் உடனே சொல்ல மாட்டேன்.

பணத்தை நினைத்து நீ கவலைப்படுவது நியாயம். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டுப் படிப்பு. இன்ஜினியரிங் நான்கே ஆண்டு. படித்து முடித்தாலும் டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். அதுவரை நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை, தீவனக் கம்பெனி, நகரத்தில் நாய் பூனை கிளினிக் என்று வழி உண்டு. நம் மாநில இடங்களுக்கு நீட் இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். வீட்டுக் கடன் உட்பட எல்லாவற்றையும் அவளிடம் மறைக்காமல் சொல். வீட்டு நிலைமை அவளுக்கும் தெரிய வேண்டும். "பொம்பளப் பிள்ளை மாட்டு டாக்டரா" என்று கேட்கும் சொந்தக்காரர்கள் பேச்சை மட்டும் காதில் வாங்காதே.

நான் அவளிடம் கேட்க நினைப்பது வேறு. ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும். பசுவின் வயிற்றில் கன்று தலை திரும்பி மாட்டியிருக்கும். தோள் வரை கையை விட்டு நேராக்க வேண்டும். சில நேரம் கன்று செத்துத்தான் வெளியே வரும், வீட்டுக்காரர் நம்மைத்தான் திட்டுவார். இன்னொரு நாள், ஈன்ற பசு எழ முடியாமல் படுத்திருக்கும். பால் காய்ச்சல், அதாவது ரத்தத்தில் கால்சியம் குறைந்துபோவது. கால்சியத்தை ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் பசு ஏப்பம் விட்டு, சாணி போட்டு, தானாக எழுந்து நிற்கும். சொசைட்டிக்கு ஊற்றும் அந்தப் பாலில்தான் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிற வீடு அது. அதைப் பார்ப்பதற்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே ஆசை இருந்தால்தான் தொழில் அமையும் என்று நான் நம்பவில்லை. அமுல் பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியன் கிண்டியில் இன்ஜினியரிங் படித்தவர். அரசு உதவித்தொகையின் நிபந்தனைக்காக 1949-ல் வேண்டா வெறுப்பாகத்தான் குஜராத்தின் ஆனந்த் ஊருக்குப் போனார். கிளம்பத் தயாராக இருந்தவர், அங்கே மாடு வைத்துப் பால் ஊற்றிய விவசாயிகளுக்காகத் தங்கிவிட்டார். பிடிப்பு பிறகும் வரும். ஆனால் அந்த வேலையின் கஷ்டத்தை நாள்தோறும் தாங்க மனசு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். கம்ப்யூட்டருக்கும் இதேதான். அந்த வேலையில் இருக்கும் யாரிடமாவது ஒரு சாதாரண நாள் எப்படிப் போகிறது என்று அவளையே கேட்கச் சொல்.

பரீட்சை முடிந்ததும் பத்து நாள் இங்கே அனுப்பு. மருந்தகத்துக்கும் தொழுவங்களுக்கும் கூட்டிப்போகிறேன். ராத்திரி அழைப்பு வந்தாலும் எழுப்புவேன். நாலு செட் பழைய துணி கொண்டுவரட்டும். விண்ணப்பம் போடும் முன்பே வந்துவிட்டால் நல்லது. எந்த ரயில் என்று முன்கூட்டியே எழுது, ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்