எல்லாப் பக்கமும் பசை போட்டால் பலகை பிளக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மரத்தின் இயல்பையும் கைவேலைப் பொருத்துகளையும் மறைக்காமல் காட்டும் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் பாணியில் சாப்பாட்டு மேசை செய்வது பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். படங்கள் அருமை. ஆனால் அதில் சொன்ன இரண்டு வேலைகளை அப்படியே செய்தால் நல்ல மரம் வீணாகும். மேல்பலகையின் இரு முனையிலும் குறுக்கே வரும் முனைக்கட்டைக்கு முழு நீளமும் பசை தடவச் சொல்கிறது கட்டுரை. மேல்பலகையை அதன் அடியில் உள்ள தாங்குசட்டத்தோடு அசையாமல் திருகாணி போட்டு இறுக்கவும் சொல்கிறது. இரண்டுமே தவறு.

மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. அகலவாக்கில்தான் ஈரம் ஏறினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். 40 அங்குல அகலமுள்ள வெள்ளை ஓக் மேல்பலகையை எடுத்துக்கொள்வோம். மரத்தின் ஈரப்பதம் 6 சதவீதத்திலிருந்து 12க்கு ஏறினால், சாதாரணமாக அறுத்த பலகை சுமார் 7 நூல் விரியும் (8 நூல் ஓர் அங்குலம்). வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி, ஆரவாட்டில் அறுத்ததென்றால் மூன்றரை நூல்தான். இந்தப் பாணியில் பேர்பெற்ற அமெரிக்க மேசை நாற்காலி தயாரிப்பாளர் கஸ்டவ் ஸ்டிக்லி போன்றவர்கள் ஆரவாட்டுப் பலகையைத் தேடிப் போனது வெள்ளிக்கீற்று போன்ற அந்த ரேகைக்காக மட்டும் இல்லை, இந்தக் குறைந்த அசைவுக்காகவும்தான். குறுக்கே நிற்கும் முனைக்கட்டை மேல்பலகையின் அகலத் திசையில் கிட்டத்தட்ட அசையாது. இரண்டையும் பசையால் பூட்டினால், காய்ந்த மாதங்களில் மேல்பலகை சுருங்க வழியில்லாமல் எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும்.

சரியான முறை இதுதான். 1 அங்குலக் கன மேல்பலகையின் முனையில் 3 நூல் கனத்துக்கு, 4 நூல் நீளத்துக்கு ஒரு நாக்கை எடுங்கள். அதிலிருந்து 2 அங்குலம் நீளும் கழுந்துகள் (துளைக்குள் நுழையும் முனைகள்) மூன்று: நடுவில் ஒன்று, ஓரங்களில் இரண்டு. முனைக்கட்டையில் நாக்குக்குக் காடி, கழுந்துகளுக்குத் துளை. நடுத்துளை இறுக்கமாக இருக்கட்டும். ஓரத்துளைகளை ஆரவாட்டுப் பலகைக்கு இரு பக்கமும் ஒன்றரை நூல் அகலமாகவும், சாதாரணப் பலகைக்கு 3 நூல் வரையும் வெட்டுங்கள். பிறகு முனைக்கட்டையின் மேலிருந்து ஒவ்வொரு கழுந்தின் ஊடேயும் 3 நூல் மர ஆணி அடிக்க வேண்டும். ஓரக் கழுந்துகளில் ஆணித்துளையை வட்டமாக விடாமல் பலகையின் அகலவாக்கில் நீளமாக்குங்கள். பசை நடுக்கழுந்தில் மட்டும். மர ஆணிக்குப் பசை வைத்தாலும் மேல்முகத்தருகே ஒரு துளி போதும். உள்ளே வழிந்து கழுந்தில் ஒட்டிக்கொண்டால் இத்தனை வேலையும் வீண். முனைக்கட்டையின் உட்பக்க விளிம்பில் நடுவில் கால் நூல் குழி இருக்கும்படி இழைத்துவிட்டால் ஓரங்களில் இடைவெளி தெரியாது.

இதே பாணியில் வேலை செய்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களான கிரீன் சகோதரர்களின் மேசைகளில் தெரியும் கருங்காலிச் சதுரங்களும் வெறும் பொட்டு அல்ல. அவற்றின் கீழே பெரும்பாலும் ஒரு திருகாணி ஒளிந்திருக்கும். இந்தப் பாணியில் பொருத்துதான் அலங்காரம். அதைப் புரிந்துகொள்ளாமல் கறுப்புக் கட்டத்தை ஒட்டிவிட்டு அதையே பாணி என்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

வெளியே நீளும் கழுந்தில் ஆப்பு அடித்து இறுக்கும் ஆப்புப் பொருத்தைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. தவறுவது பெரும்பாலும் அங்கேதான். இரு கால்சட்டங்களை இணைக்கும் நீளச்சட்டத்தின் கழுந்து கால்மரத்தைத் துளைத்து வெளியே 4 அங்குலமாவது நீள வேண்டும். ஆப்புத்துளையின் உட்சுவர் கால்மரத்தின் வெளிமுகத்துக்கு ஒரு நூல் உள்ளே தொடங்க வேண்டும். முகத்தோடு சமமாக வெட்டினால் ஆப்பு துளையின் சுவரில் முட்டி நின்றுவிடும், காலை இழுத்துப் பிடிக்காது, மேசை ஆடும். வெளிச்சுவரை ஆப்பின் சரிவுக்கே, 8க்கு 1 என்று சாய்த்து வெட்டுங்கள். துளைக்கு அப்பால் கழுந்தில் 2 அங்குலம் மீதி வேண்டும், இல்லாவிட்டால் கொட்டாப்புளி அடியில் ரேகையோடு பெயர்ந்து வந்துவிடும். இங்கே பசையே கூடாது. ஆப்பைத் தட்டி எடுத்தால் மேசையைக் கழற்றிக் கதவு வழியே கொண்டுபோகலாம். மரம் காய்ந்து தளர்ந்தால் மறுபடி ஒரு தட்டு.

மேல்பலகையைத் தாங்குசட்டத்தில் பொருத்தும்போது நடுத்திருகாணிக்கு மட்டும் வட்டத்துளை; மற்றவை நீள்துளை, வாஷரோடு. உயரம் 30 அங்குலம், முழங்கால் நுழையத் தரையிலிருந்து தாங்குசட்டம் வரை 24 அங்குலம் காலி, ஆளுக்கு 24 அங்குல அகலம். 6 அடி மேசையில் கால்களை முனையிலிருந்து 14 அங்குலம் உள்ளே வையுங்கள். தலைமாட்டில் உட்காருபவர் காலில் இடித்துக்கொள்ள மாட்டார்.

ஓக்கில் இன்னொரு தொல்லை. அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு ஈரத்தில் சேர்ந்தால் கறுத்துவிடும். ஈரப் பசைமேல் இரும்புக் கிளாம்ப் படும் இடத்தில் காகிதம் வையுங்கள். அம்மோனியா ஆவியில் ஓக் பழுப்பாவதும் அதே டானினால்தான். ஆகவே நடுவில் உள்ள வைரக்கட்டை நிறம் ஏறும், பட்டையை ஒட்டிய வெள்ளைக்கட்டை வெளுத்தே நிற்கும். டானின் குறைந்த மரத்துக்கு இந்த முறையால் பெரிய பயன் இல்லை. இதற்குப் பயன்படுத்தும் 26 சதவீத அம்மோனியா கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். மூடிய கூடாரம், முழு முகமூடி, வெளிக்காற்று இல்லாமல் தொடாதீர்கள். சாயம் ஏற்றி மெழுகு தேய்த்தாலே ஏறக்குறைய அந்த நிறம் கிடைக்கும். எந்தப் பூச்சு போட்டாலும் மேல்பலகையின் அடிப்புறத்துக்கும் அதே அளவு போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை கோணும். ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிட்ட பிறகு எறியுங்கள்.

ஈரமான மாதங்களில் மேல்பலகையின் ஓரம் முனைக்கட்டையைத் தாண்டி ஒரு நூல் துருத்தி நிற்கும்; காய்ந்த மாதங்களில் உள்ளே போகும். அதைப் பழுது என்று நினைத்து இழைப்புளி எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மரவேலை செய்யும் வாசகர்கள்